கல்லூரி நூலகம் எதைச் சேர்க்கிறது, எதைக் காக்கிறது: வேலூர் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் நூலகராக வேலை பார்க்கிறேன். மாணவர்கள், ஆய்வு செய்பவர்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், அப்பா விட்டுப்போன புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்டுக் காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வருகிறவர்கள் என்று கவுன்ட்டருக்கு வரும் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. நின்றுகொண்டே சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

புத்தகம் எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கி வைப்பது தவிர நூலகருக்கு வேறு என்ன வேலை?

நீங்கள் பார்ப்பது கவுன்ட்டரை மட்டும்தான். வேலையில் பெரும்பகுதி உள்ளே நடக்கிறது. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, வந்ததை எந்த எண்ணில் எந்தத் தலைப்பில் பதிவது, எது கிழிகிறது, எதைப் பூச்சி அரிக்கிறது, எதை இனி வைத்திருக்க வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்கிறது. இடமோ பணமோ அதே வேகத்தில் வளர்வதில்லை. எங்கள் வேலையின் சிக்கல் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எந்தப் புத்தகம் வாங்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

துறைகள் பட்டியல் தருகின்றன, நூலகக் குழு பார்க்கிறது, முதல்வர் ஒப்புதல் தருகிறார். நடைமுறை அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் வராத புத்தகங்களைத் தேடிப் பிடிப்பது நூலகர் பொறுப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெரிய பதிப்பகங்களின் பாடநூல்களை விற்பனைப் பிரதிநிதியே மேசைக்குக் கொண்டு வந்துவிடுவார். திருப்பத்தூரில் ஒரு தமிழாசிரியர் சொந்தக் காசில் அச்சிட்ட ஊர் வரலாற்றை யாரும் கொண்டு வர மாட்டார்கள். முந்நூறு பிரதி அடிப்பார், உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துத் தீர்ந்துவிடும். அப்புறம் அது எங்கேயும் கிடைக்காது.

புதுப் புத்தகம் வந்துவிட்டது என்று தெரிகிறது, ரேக்குக்கு வர ஏன் இத்தனை நாள்?

பில்லோடு சரிபார்க்க வேண்டும், பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும், அக்செஷன் ரிஜிஸ்டரில் (வந்த நூல்களுக்கு வரிசை எண் கொடுத்துப் பதியும் பேரேட்டில்) ஏற்ற வேண்டும், முத்திரை, பார்கோடு, முதுகில் லேபிள் எல்லாம் வேண்டும். இவை கைவேலை, சீக்கிரம் முடிந்துவிடும். நேரம் எடுப்பது பகுப்பாக்கமும் (பொருளுக்கு ஏற்ற எண் கொடுப்பது) பட்டியலாக்கமும் (தேடக் கிடைக்கும்படி ஆசிரியர், தலைப்பு விவரங்களைப் பதிவது) தான்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதோடு 1 சேர்த்தால் கவிதை, 3 சேர்த்தால் புனைகதை. எண் போடுவது சுலபம். பெயர்தான் கஷ்டம். திருப்பத்தூரில் 1912-ல் பிறந்த எழுத்தாளர் மு.வ. அவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளில் மு.வ., டாக்டர் மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார் என்று பல வடிவங்களில் பெயர் இருக்கும். ஒவ்வொன்றையும் அப்படியே ஏற்றினால் கணினிக்கு அவர் நான்கு பேர். ஒரு வடிவத்தை நிலையானதாக வைத்து மற்றவற்றை அதோடு இணைத்தால்தான் தேடுகிறவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் வரும். முதலெழுத்து முன்னால் வரும் தமிழ்ப் பெயர்களுக்கு இந்த வேலையைக் கவனமாகச் செய்யாத நூலகத்தில் புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

ஊர்ப் பெயர் இதைவிடச் சிக்கல். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் சித்தூரும் திருப்பதியும் இருந்தன. மாவட்டத் தலைநகரே சித்தூர்தான். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆக, ஆர்தர் காக்ஸ் 1881-ல் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை வேலூர் என்ற ஒரே தலைப்பில் போட்டால், ஆரணியைப் பற்றித் தேடும் திருவண்ணாமலை மாணவருக்கும் திருப்பதியைப் பற்றித் தேடுகிறவருக்கும் அது கண்ணில் படாது. இப்படிப்பட்ட நூல்களுக்கு அந்தக் காலத்து மாவட்டம், இன்றைய மாவட்டம், தாலுகா என்று மூன்று அடுக்கில் தலைப்புக் கொடுக்கிறோம். எங்கள் அட்டவணையில் நான் மிகவும் அக்கறை எடுத்துக்கொள்ளும் இடம் இது.

எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறதே, அச்சுப் புத்தகம் எதற்கு?

எல்லாம் கிடைப்பதில்லை. கிடைப்பதும் நம்முடையது ஆகிவிடுவதில்லை. மின் இதழ்களுக்குக் கட்டுவது பெரும்பாலும் சந்தா. சந்தாவை நிறுத்தினால், ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் தவிர, பழைய இதழ்களும் கையை விட்டுப் போய்விடும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பதும் சேகரிப்பைக் காக்கும் வேலைதான்.

மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களும் படிக்கலாம். நல்ல திட்டம். முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்கள் மட்டும்தான் இதில் அடங்கும், தனியார் கல்லூரிகளுக்கு இல்லை. வேலூரில் இரண்டு வகைக் கல்லூரிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாணவர்களுக்குக் குழப்பம் வருகிறது. உங்கள் கல்லூரி எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவியல், மருத்துவ இதழ்களுக்குத் திரையே போதும் என்பது என் கருத்து. வட்டார வரலாறு, பழைய தமிழ் அச்சு நூல்கள் போன்றவற்றுக்கு இன்னும் பல காலம் தாள்தான்.

வேலூர் வெயில் புத்தகத்துக்கு என்ன செய்யும்?

நிறையச் செய்யும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழில் படிகாரம் சேர்த்துச் செய்த தாளில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் தாளின் நாரை உள்ளிருந்தே அறுக்கிறது. வெப்பம் ஏற ஏற அந்த வேலை வேகம் பிடிக்கும். 10 டிகிரி கூடினால் சிதைவு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பாதுகாப்பாளர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. புத்தகத்துக்கு 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் நல்லது என்பார்கள். கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். இரண்டாம் உலகப் போர்க் காலத் தாள் தட்டுப்பாட்டில் அச்சான தமிழ் நூல்களின் ஓரத்தை மடித்தால் ஒடிந்து கையோடு வந்துவிடுகிறது.

வெப்பத்தைவிட எனக்குப் பெரிய கவலை ஏற்ற இறக்கம். மே மாதம் காய்ச்சி எடுத்த அறையில் ஐப்பசி மழை வந்ததும் ஈரம் ஏறும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசி போட்டு மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் போவதும் கெடுதல்தான். தாளும் பசையும் அட்டையும் தினமும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கி, பைண்டிங் விட்டுப்போகும். முழு நாளும் ஏசி ஓட்டப் பணம் இல்லை என்றால், அரிய நூல்களை அந்த அறைக்கே கொண்டுபோகாதீர்கள். கீழ்த்தளத்துக்கு மேலே, மாடித்தளத்துக்குக் கீழே, மேற்கு வெயில் படாத நடு அறையில் இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு மின்விசிறியும் வெளிக்காற்றும் கிடைக்கும்படி வைத்தாலே பாதிப் பாதுகாப்பு. வெப்பமும் ஈரமும் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று வாங்கி, காலையும் மாலையும் நோட்டில் குறித்து வாருங்கள். நிர்வாகத்திடம் பணம் கேட்கப் போகும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். கோரிக்கைக் கடிதத்தைவிட அது பலமாகப் பேசும்.

பூச்சிக்கு வேப்பிலை வைத்தால் போதுமா?

வேப்பிலையும் வசம்பும் நம் வீடுகளில் காலகாலமாக இருப்பவை, பூச்சியை ஓரளவு அண்ட விடாது. ஆனால் பச்சை வேப்பிலையை அப்படியே உள்ளே வைத்தால் ஈரமும் கறையும் தாளில் இறங்கும். நிழலில் நன்கு உலர்த்தித் துணிப்பையில் கட்டி அலமாரியில் வையுங்கள், பக்கங்களுக்கு நடுவே வேண்டாம். அந்துருண்டை வாசனையை நாங்கள் விட்டுவிட்டோம். மூடிய அறையில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களுக்கு அது நல்லதில்லை.

உண்மையில் பூச்சியைத் தடுப்பது துடைப்பம்தான். புதிதாக வரும் எந்தப் பெட்டியையும் நேராக ரேக்குக்குக் கொண்டுபோவதில்லை, தனி அறையில் வைத்துப் பார்க்கிறோம். நூலகத்துக்குள் டிபன் பாக்ஸ் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான், மாணவர்கள் கோபிக்கக் கூடாது. கரையான் சுவர் வழியே மண்பாதை போட்டுக்கொண்டு வரும், அதைக் கண்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். துளை போடும் புழு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் உறையைப் பிரிக்காமல் விடுவோம். மருந்தே இல்லாமல் புழுவும் முட்டையும் செத்துவிடும்.

கிழிந்த பக்கத்தை செல்லோ டேப் போட்டு ஒட்டித் தரலாமா?

தயவுசெய்து வேண்டாம். சில வருடங்களில் பிளாஸ்டிக் உரிந்துவிடும், பசை மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தையே மறைக்கும். அதை எடுக்கவும் முடியாது. கிழிந்த துண்டைத் தூக்கிப் போடாமல் அந்தப் பக்கத்திலேயே வைத்து எங்களிடம் சொல்லுங்கள், அபராதம் கேட்க மாட்டோம். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு ஒட்டுவோம். பின்னால் தேவைப்பட்டால் லேசாக ஈரப்படுத்திப் பிரித்துவிடலாம். திரும்பப் பிரிக்க முடியாத எந்த மராமத்தும் பழைய நூலுக்குக் கூடாது. அரிய தாள்களை லாமினேஷன் செய்வதும் அதனால்தான் தவறு.

பழைய இதழ்களைப் பைண்டு செய்துவிடுவது நல்லதுதானே?

தினமும் புழங்கும் பாடநூலுக்கு நல்லது. பழைய சிற்றிதழ், ஆண்டு மலர் என்றால் யோசிக்க வேண்டும். பைண்டர் ஓரம் வெட்டி நேராக்கும்போது பக்க எண்ணும் சில சமயம் கடைசி வரியும் போய்விடுகிறது. அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். 1950-களில் வேலூர் பஜாரில் எந்தக் கடைகள் இருந்தன, என்ன விற்றார்கள் என்று அந்த விளம்பரங்களில்தான் இருக்கிறது. நாங்கள் பைண்டரிடம் ஓரம் வெட்டக்கூடாது, எதையும் கழற்றக்கூடாது என்று எழுதியே கொடுக்கிறோம். உடையும் நிலையில் உள்ளதைப் பைண்டு செய்யாமல் அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து வைக்கிறோம்.

மழையில் புத்தகம் நனைந்துவிட்டால்?

48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை ஊரே பார்த்தது. பல வருடம் மணலாகக் கிடக்கும் ஆறு என்று நம்பி யாரும் கீழ்த்தட்டில் புத்தகம் அடுக்கக் கூடாது, தரையிலிருந்து அரை அடியாவது உயரம் வேண்டும்.

நனைந்ததை வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் நெளிந்து முறுக்கிக்கொள்ளும். ஈரம் கொஞ்சம் என்றால் நிழலில் நிறுத்தி, விசிறி போட்டு, சில பக்கங்களுக்கு ஒரு முறை வெள்ளைத் தாள் வைத்து, அது ஊறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழப்பான படத்தாள் உள்ள புத்தகம் உலர்ந்தால் பக்கங்கள் கல்லாக ஒட்டிக்கொள்ளும், அதற்கு முதலிடம் கொடுங்கள். நிறைய நனைந்துவிட்டால் ஒவ்வொன்றாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டால் நேரம் கிடைக்கும். எந்தெந்த நூலை முதலில் தூக்க வேண்டும் என்ற பட்டியல் மழைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அவசரத்தில் யாருக்கும் அது தோன்றாது.

வீட்டில் ஓலைச்சுவடி இருக்கிறது, நூலகம் எடுத்துக்கொள்ளுமா?

முதலில், எண்ணெய் தடவாதீர்கள், கட்டைப் பிரித்து வரிசையைக் கலைக்காதீர்கள், உடைந்த சில்லுகளை எறியாதீர்கள். மருத்துவமோ சோதிடமோ கணக்கோ, என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சுவடியைக் காக்கத் தனிப் பயிற்சி வேண்டும், எல்லாக் கல்லூரியிலும் அது இல்லை. சென்னையில் 1869-லிருந்து இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இதற்கான இடம். கொடுக்க மனமில்லை என்றால் ஒளிப்படப் பிரதி மட்டுமாவது எடுக்க விடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம் பக்கத்துக் குடும்பங்களில் இருக்கும் அரபு, பாரசீக, உருதுக் கையெழுத்து நூல்களுக்கும் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடுகளுக்கும் இதே பதில்தான். வட ஆர்க்காட்டின் நூல் மரபு தமிழ் எழுத்தில் மட்டும் இல்லை.

அப்பாவின் புத்தகங்களைத் தானமாகத் தருகிறோம், ஏன் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததைக் கொண்டு வரும்போது இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிப்பது கொடுக்கிறவருக்கு வலிக்கும். ஆனால் நூலகத்தில் ஏற்கெனவே ஐந்து பிரதி இருக்கும் நாவலுக்கும் பழைய பதிப்புக் கலைக்களஞ்சியத்துக்கும் இடம் கொடுத்தால், வேறொன்றுக்கு இடம் போகிறது.

நான் கேட்பது வேறு. உங்கள் அப்பா குடியாத்தத்தில் நெசவாளர் சங்கத்தில் இருந்தாரா? அந்தச் சங்கத்தின் துண்டறிக்கைகள் இருக்கின்றனவா? ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைத் தொழிலாளர் கோரிக்கை நோட்டீஸ், பீடித் தொழிலாளர் கூலி அட்டை, கோயில் தலபுராணச் சிறுநூல், நாடக நோட்டீஸ், திருமண வாழ்த்து மடல், பள்ளி ஆண்டு மலர், ஆசிரியர் கைப்பட எழுதிய பாடக்குறிப்பு இவையெல்லாம் இருந்தால் கொண்டு வாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டுத் தடித்த அட்டைப் புத்தகங்களை எங்களிடம் கொண்டு வருகிறார்கள். தடித்த புத்தகம் சென்னையில் கிடைக்கும், டில்லியில் கிடைக்கும். உங்கள் வீட்டு நோட்டீஸ் போனால் போனதுதான். வேறு எங்கும் இல்லாததை முதலில் காக்க வேண்டும், என் வேலையில் நான் வைத்திருக்கும் வரிசை அது.

புத்தகங்களைக் கழித்துக்கட்டுகிறீர்களாமே?

ஆம், கழிக்கிறோம், கழிக்க வேண்டும். பழைய பதிப்பு மருந்தியல் நூலை ரேக்கில் விட்டால், அதில் உள்ள மருந்தளவை ஒரு மாணவர் இன்றைய அளவென்று நினைத்துக்கொள்வார். சட்டம், வரி, கணினி நூல்களும் அப்படியே. ஒவ்வொன்றையும் துறைப் பேராசிரியர் பார்த்து, குழு கையெழுத்திட்டு, ரிஜிஸ்டரில் எழுதிய பிறகே வெளியே போகும். மருத்துவ வரலாற்றுக்குத் தேவைப்படும் என்று தோன்றினால் ஒரு பிரதியைக் காப்பகத்துக்கு மாற்றுவோம். வட்டார நூல் எதையும், யாரும் முப்பது வருடமாக எடுக்கவில்லை என்றாலும், கழிப்பதில்லை.

வருடா வருடம் ஸ்டாக் எடுக்கிறீர்கள், காணாமல் போனால் நூலகர் கட்ட வேண்டுமா?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 இதில் தெளிவாக இருக்கின்றன, பல நூலகங்கள் அவற்றை வழிகாட்டியாக எடுத்துக்கொள்கின்றன. 20,000 நூல் வரை உள்ள நூலகத்தில் வருடம் ஒரு முறை முழுச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. வருடத்தில் வழங்கிய, பார்வைக்கு எடுத்த ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று விதியே ஒப்புக்கொள்கிறது, நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நூலும் அரிய நூலும் போனால் விசாரணை உண்டு. தொலைந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அலமாரியைப் பூட்டி வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. விதியைப் படித்தால் அந்தப் பயம் தேவையில்லை என்று தெரியும்.

ஸ்கேன் செய்துவிட்டால் அசலை விட்டுவிடலாமா?

கூடாது. ஸ்கேன் என்பது இன்னொரு பிரதி. அதையும் காக்க வேண்டும். மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) படவடிவத்தில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அல்லது அதற்கு மேல் எடுத்து, படிப்பதற்குப் பிடிஎஃப் தனியாகச் செய்கிறோம். பிரதிகள் வேறு வேறு இடங்களில், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். கோப்பு கெடவில்லையா என்று அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும்.

கணினிக் காலத்துத் தமிழ்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. 1995-லிருந்து 2010 வரை ஆண்டு மலர்களும் ஆய்வேடுகளும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-ல் தரமாக ஏற்றது, அதற்கு முன் வந்தவை சிடிக்களில் கிடக்கின்றன. 1960-ஆம் வருட மலரைக் கையில் எடுத்துப் படித்துவிடலாம். 2002-ஆம் வருட மலரின் கோப்பைத் திறக்க இப்போதே ஆள் தேட வேண்டியிருக்கிறது. உங்களிடம் பழைய சிடி இருந்தால் எழுத்துருக் கோப்போடு சேர்த்து சீக்கிரம் கொடுங்கள், யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

ஸ்கேன் செய்த முழு நூலையும் ஏன் அனுப்ப மறுக்கிறீர்கள்?

பதிப்புரிமை. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். மு.வ. 1974-ல் காலமானார், அவர் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்படாத வரை 2034 முடிய உரிமை குடும்பத்துக்கோ உரிமை பெற்றவருக்கோ உண்டு. நாட்டுடைமையான நூல்கள் வேண்டுமென்றால் தமிழ் மின்நூலகத்திலேயே தேடிப் பாருங்கள், பெரும்பாலும் எங்களை விட நல்ல ஸ்கேன் அங்கே கிடைக்கும். முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் முதலில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவைப் பாருங்கள்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

நூலக, தகவல் அறிவியலில் முதுகலை, 55 சதவீத மதிப்பெண், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), அல்லது முனைவர் பட்டம். உதவியாளராகச் சேர இளங்கலை நூலக அறிவியல் போதும். மாணவராக இருக்கும்போதே ஆறு மாதம் ஏதாவது ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கிப் பாருங்கள். தூசி ஒத்துக்கொள்கிறதா, பழைய தாள் பிடிக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

சரி, வீட்டில் பழைய மலர்களும் போட்டோக்களும் இருக்கின்றன. எப்படிக் கொண்டு வருவது?

சாக்கில் திணிக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, பெரியது அடியில் சிறியது மேலே அடுக்குங்கள். ரப்பர் பேண்டு, ஜெம் கிளிப் எல்லாம் வேண்டாம், துருவும் கறையும் விடும். தூசி தட்டவோ கழுவவோ வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கொண்டு வருவதற்கு முன்னால் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் போட்டோவில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் லேசாக எழுதுங்கள். பேனா வேண்டாம். தெரியாத பெயரை ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போட்டு விடுங்கள். மழைக் காலம் தொடங்குவதற்கு முன் கொண்டு வந்தால் எங்களுக்கு உலர வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.